திகதி போடாத தீர்ப்பு

சட்டைப் பைக்குள் கைபேசி மறுபடியும் அதிர்ந்தபோது சுஜாந்தினி ஒரு வயதானவரின் கடைவாய்ப் பல்லில் பற்காரை சுரண்டிக்கொண்டிருந்தாள். டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் உள்ள பல் சிகிச்சை நிலையம் ஒன்றில் பல் துப்புரவு செய்வது அவளுடைய வேலை. வாயைத் திறந்துவைத்துக்கொண்டு படுத்திருக்கும் மனிதரை விட்டுவிட்டு எழும்பக்கூடாது என்பது அவளது கொள்கை. ஆனால் இப்படி விடாமல் அடிப்பது மனநல மருத்துவமனை மட்டுந்தான். கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போனாள்.

"உங்கள் தம்பியை இன்று காலை மறுபடியும் உள்ளே எடுத்திருக்கிறோம்" என்றாள் தாதி. டெனிஷ் மொழியில் கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் சிலருக்கு வரும் அந்த மிருதுவான குரல்.

"ஏன்? ஊசி போடவில்லையா?"

"ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். பாதிக்கப்பட்டவருடன் அவர் தொடர்பு கொண்டிருக்கிறார்."

"என்ன செய்தான்?"

"மன்னிப்புக் கேட்டிருக்கிறார்."

"அதற்குப் பிறகு?"

"அவ்வளவுதான். அது கவலைக்குரிய மாற்றம் என்று தலைமை வைத்தியர் கருதுகிறார்."

அவள் கைபேசியைப் பிடித்தபடி நடைபாதையில் நின்றாள். உள்ளே அந்த மனிதர் இன்னும் வாயைத் திறந்தபடி கிடந்தார்.

தம்பி றொனிஷனுக்கு இப்போது முப்பத்தொரு வயது. ஏழு வருடங்களுக்கு முன்பு, ஹேர்ணிங்கில் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், அவனுக்கு நித்திரை நின்றுபோனது. ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பது தன்னைப் பற்றித்தான் என்று சொல்லத் தொடங்கினான். தாய் மேரிகிறேஸ் அவனைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுஜாந்தினி வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வைத்தியர் மனநலப் பிரிவுக்கு அனுப்புவதாகச் சொன்னார். அங்கிருந்து அழைப்பு வருமுன்னரே, ஒரு மாரிகாலக் காலையில், பயணச்சீட்டுக் கேட்ட பெண் நடத்துநரை றொனிஷன் ரயில் மேடையில் பிடித்துத் தள்ளிவிட்டான். தன்னை எங்கோ ஏற்றி அனுப்பப் பார்க்கிறாள் என்று அவன் நினைத்திருக்கிறான். அவள் விழுந்ததில் இடுப்பு எலும்பு உடைந்தது.

நீதிமன்றம் நீதியாகத்தான் பேசியது. செயலைச் செய்த நேரத்தில் இவன் புத்தி பேதலித்திருந்தான், ஆகவே இவனைத் தண்டிக்க முடியாது என்றது. தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சைத் தீர்ப்பு. மருத்துவமனை சொன்னால் உள்ளே போகவேண்டும். சொன்னால்தான் வெளியே வரலாம். வெளியே இருந்தாலும் மாதாமாதம் ஊசி, மேற்பார்வை அதிகாரி, வெளிநாடு போவதென்றால் அனுமதி. காயம் பாரதூரமானது என்பதால் அந்தத் தீர்ப்புக்கு முடிவுத் திகதி போடப்படவில்லை.

அதே வருடம் றொனிஷனோடு படித்த டெனிஷ்காரப் பொடியன் ஒருவன் குடித்துவிட்டு ஒருவனின் தாடையை உடைத்தான். அவனுக்குப் புத்தி நன்றாகத்தான் இருந்தது. ஆகவே தண்டித்தார்கள். சில மாதம் மறியலில் இருந்துவிட்டு வந்தான். இன்று அவனுக்கு வீடு, மனைவி, பிள்ளை, கோடையில் இழுத்துக்கொண்டு போக ஒரு கரவன் வண்டி எல்லாம் இருக்கின்றன. தண்டிக்கப்படாத றொனிஷன் லண்டனில் நடந்த மாமாவின் மகளின் கலியாணத்துக்குப் போக அனுமதி கேட்டான். கலியாணம் முடிந்து அடுத்த கிழமை அனுமதி வந்தது.

தீர்ப்பின்போதே நீதிமன்றம் சுஜாந்தினியை அவனுக்குத் துணையாளாக நியமித்திருந்தது. தீர்ப்பு தேவைக்கு மேல் நீண்டுவிடாமல் பார்ப்பது துணையாளின் கடமை. அதற்கு அவளிடம் இருந்த ஒரே வழி, முடித்துவையுங்கள் என்று கேட்பதுதான். கேட்டு மறுத்தால் அரை வருடத்துக்கு மறுபடி கேட்கமுடியாது. அவள் கேட்டாள். மறுத்தார்கள். பொறுத்திருந்து மறுபடி கேட்டாள். ஐந்து வருடம் முடிந்தபோது சட்டப்படி அரச வழக்கறிஞரே விடயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார். அப்போதும் மருத்துவமனையின் அறிக்கை ஒன்றையேதான் சொன்னது: நோயாளி நல்ல நிலையில் இருக்கிறார், தீர்ப்பு இருப்பதால்தான் நல்ல நிலையில் இருக்கிறார், ஆகவே தீர்ப்புத் தொடரவேண்டும்.

அன்று பின்னேரம் தாயையும் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். மேரிகிறேஸ் முதியோர் இல்லமொன்றில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்பவள். வேலைச் சீருடையோடே வந்து காரில் ஏறினாள்.

"அவனுக்கு ஏன் தேவையில்லாத வேலை?" என்றாள் பெல்ட்டைப் போடும்போதே. "பேசாமல் இருந்திருக்கலாமே."

"அம்மா, மன்னிப்புக் கேட்டது பிழையே? நீங்கள்தானே ஒவ்வொரு ஞாயிறும் பாவசங்கீர்த்தனம் எண்டு போறியள்."

"அது கோயில் விசயம். சுவாமியார் பொலிசுக்குச் சொல்லுவாரே?"

கார் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு மேரிகிறேஸ் சொன்னாள்: "நான் சொல்லுறதைக் கோவிக்காமல் கேள், பிள்ளை. இந்த டொம், இந்தத் தீர்ப்பு, இருக்கிறபடியால்தான் அவையள் அவனைப் பாக்கினம். கோயிலுக்கு வாற தவமணியின்ரை மகனுக்கும் இதே வருத்தந்தான், ஆனா ஒரு டொமும் இல்லை. கட்டில் இல்லை, கட்டில் இல்லை எண்டு எத்தினைதரம் திருப்பி அனுப்பினவை? கடைசியில் அந்தப் பிள்ளை ஏழாம் மாடியிலை இருந்து குதிச்சது. என்ரை பிள்ளைக்கு வருத்தம் எண்டால் பொலிஸ் எண்டாலும் கொண்டுபோய்ச் சேர்க்கும்."

"அதுக்காகச் சாகும்வரைக்கும் இப்பிடியே இருக்கட்டும் எண்டுறியளே?"

"நான் சாகும்வரைக்கும் இருக்கட்டும் எண்டுறன்."

சுஜாந்தினி வண்டியின் வேகத்தைக் கூட்டினாள். தாய் சொல்வதில் பிழையில்லை என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விட எரிச்சல்.

தலைமை வைத்தியர் புதியவர். வந்து இரண்டு மாதந்தான் ஆகிறது என்று முதலிலேயே சொன்னார். றொனிஷனுக்கு இவர் எத்தனையாவது வைத்தியர் என்று எண்ணுவதைச் சுஜாந்தினி எப்போதோ விட்டுவிட்டாள். ஒவ்வொருவரும் வருவார்கள், நோயாளியை இன்னும் சரியாக அறியவில்லை, ஆகவே இப்போதைக்கு மாற்றம் வேண்டாம் என்று எழுதுவார்கள், அறியத் தொடங்கும்போது வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்.

"குற்ற உணர்ச்சி திடீரென்று மேலெழுவது நோய் திரும்புவதன் அறிகுறியாக இருக்கலாம்" என்றார் அவர்.

"சென்ற வருட அறிக்கையில் உங்கள் மருத்துவமனை என்ன எழுதியது தெரியுமா? நோயாளி பாதிக்கப்பட்ட பெண்ணைப் பற்றிப் பேசுவதேயில்லை, செய்த செயல் பற்றிய உணர்வு போதாது என்று எழுதியது. அதைக் காரணமாக வைத்துத்தான் நீதிமன்றம் மறுத்தது. இப்போது உணர்வு வந்திருக்கிறது. அது நோய் என்கிறீர்கள்."

"அந்த அறிக்கையை எழுதியது நான் இல்லை."

"தெரியும். எழுதியவர் எப்போது கேட்டாலும் இங்கே இருப்பதில்லை."

வைத்தியர் அதற்குக் கோபிக்கவில்லை. களைத்துப்போன மனிதர். மேசையில் பாதி கடித்த பாண் துண்டு இருந்தது. "என் இடத்தில் இருந்து ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்" என்றார். "நான் அவரை விட்டுவிட்டு நாளை அவர் அந்தப் பெண்ணுக்கு எதையாவது செய்தால், பத்திரிகையில் வரப்போவது என் பெயர். வைத்துக்கொண்டால் எவர் பெயரும் வராது."

இதைவிட உண்மையாக அந்த மருத்துவமனையில் ஒருவரும் அவளிடம் பேசியதில்லை.

றொனிஷன் பொது அறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தான். மருந்தினால் உடம்பு பெருத்து, நடை தளர்ந்து ஆறுதலாகியிருந்தது. இரண்டு வருடமாக சைக்கிள் திருத்தும் கடையொன்றில் அரைநேர வேலை. நகங்களுக்குள் எண்ணெய்க் கறுப்பு.

"சமைச்சதைக் கொண்டுவந்தனான். சாப்பிடு" என்றாள் தாய்.

"முதல்ல என்ன நடந்தது எண்டு சொல்லு" என்றாள் சுஜாந்தினி.

அவன் பாதி டெனிஷும் பாதி தமிழுமாகச் சொன்னான். அந்த நடத்துநர், பிர்தே, அதே பாதையில்தான் இன்னமும் வேலை செய்கிறாள். பலமுறை அவளைக் கண்டிருக்கிறான். கண்டால் வேறு பெட்டிக்கு மாறிவிடுவான். அன்று ஹேர்ணிங் நிலையத்துக் கோப்பிக்கடையில் வரிசையில் நின்றபோது திரும்பிப் பார்த்தால் பின்னால் அவள் நிற்கிறாள், சாதாரண உடுப்பில்.

"ஓடோணும் போல இருந்தது. ஆனா கோப்பிக்கு ஓடர் குடுத்திட்டன்" என்றான். "பிறகு, உங்களோடு பேசலாமா என்று கேட்டேன். நான் யாரென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆம் என்றாள். இருந்து கதைச்சம். சொறி எண்டன். அவ தன்ரை ரயில் வெளிக்கிடுற வரைக்கும் இருந்தா."

"அவ முறைப்பாடு குடுத்தவவோ?"

"இல்லை. நான்தான் ஊசி போடப் போன இடத்திலை நேர்ஸிட்டைச் சொன்னனான்."

"ஏன்ரா சொன்னனி? வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிஞ்சிராதே!"

அவன் அக்காவை ஆச்சரியமாகப் பார்த்தான். "சந்தோசமா இருந்தது, அக்கா. ஆருக்காவது சொல்லோணும் போல இருந்தது."

மேரிகிறேஸ் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

அவதானிப்புக்காகச் சில நாள் என்றுதான் வைத்தியர் சொன்னார். சில நாள் சில கிழமையானது. ஒரு நாள் றொனிஷன், எப்போது வேலைக்குப் போகலாம் என்று மூன்றாவது தடவையாகக் கேட்டபோது குரலை உயர்த்திவிட்டான். எரிச்சலுடன் காணப்படுகிறார் என்று எழுதிக்கொண்டு அவதானிப்பை நீட்டினார்கள். எரிச்சல் வராமல் இருந்திருந்தால், உணர்ச்சியற்றுக் காணப்படுகிறார் என்று எழுதியிருப்பார்கள் என்றாள் சுஜாந்தினி. றொனிஷனின் வழக்கறிஞர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தீர்ப்பை முற்றாக முடித்துவைக்கும்படி வழக்கறிஞரைக் கொண்டு விண்ணப்பித்தாள். அந்த நடத்துநரைச் சாட்சியாகக் கூப்பிடலாமா என்று கேட்டாள். அவரோடு நீங்கள் தொடர்புகொள்ளவே கூடாது, நிலைமை இன்னும் மோசமாகும் என்று வழக்கறிஞர் எச்சரித்தார்.

தொடர்புகொள்ளத் தேவையிருக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பல் சிகிச்சை நிலையத்தின் வரவேற்பறையில் அறுபது வயதை நெருங்கிய ஒரு பெண், மழையங்கியைக் கழற்றாமல், ஒரு பக்கம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"உங்களுக்குப் பதிவு இருக்கிறதா?" என்று சுஜாந்தினி கேட்டாள்.

"என் பல்லுக்கு ஒன்றுமில்லை. நான் பிர்தே. உங்கள் தம்பி, தன் அக்கா இங்கே வேலை செய்வதாகச் சொன்னார்." அவள் முகத்தில் கோபம் இருந்தது. "பொலிஸ் எனக்குத் தொலைபேசி எடுத்து, பயந்துபோனீர்களா என்று கேட்டார்கள். ஏழு வருடத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவரை மறுபடி அடைத்துவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு கோப்பிக்காகவா?"

சுஜாந்தினி அவளைப் பணியாளர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். "உங்கள் இடுப்பு எப்படி?" என்றாள்.

"மாரியில் நோகும். நீண்ட தூர ரயில்களில் இப்போது வேலை செய்வதில்லை." பிர்தே கதிரையில் மெதுவாக அமர்ந்தாள். "நான் உங்கள் தம்பிமேல் இரக்கப்பட்டு வரவில்லை. பல வருடம் அவர்மேல் கொதித்துக்கொண்டிருந்தேன். அவர் தண்டிக்கப்படமாட்டார் என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். என்னை உடைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். சிகிச்சைத் தீர்ப்பு என்றால் என்னவென்று ஒருவரும் எனக்கு விளக்கவில்லை. அவர் சொல்லித்தான் தெரியும்."

"சாட்சி சொல்ல வருவீர்களா?"

"அதற்காகத்தானே விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறேன்."

விசாரணைக்கு முந்திய மாதம் நோயாளிகளின் உறவினர் சங்கம் நூலக மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தது. சிகிச்சைத் தீர்ப்புச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஒரு பாராளுமன்ற உறுப்பினர் பேசுவார் என்று அறிவித்திருந்தார்கள். சுஜாந்தினி வேலை முடிந்து நேராகப் போனாள். கோப்பியும் கேக்கும் இருந்தன. எல்லாத் தீர்ப்புக்கும் முடிவுத் திகதி வேண்டும் என்று ஒரு தகப்பன் எழுதிவைத்து வாசித்தார். உறுப்பினர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். விடயம் சிக்கலானது என்றார். ஒரு குழு ஆராய்கிறது என்றார். அதேவேளை அண்மைக்காலச் சம்பவங்களால் மக்கள் பயந்துபோயிருப்பதையும் பார்க்கவேண்டும், ஆபத்தானவர்கள் விடயத்தில் சட்டம் இன்னும் இறுக்கமாக வேண்டுமென்றும் பலர் கேட்கிறார்கள் என்றார்.

சுஜாந்தினி எழும்பினாள். "நோயாளியைத் தண்டிப்பதில்லை என்று சட்டம் சொல்கிறது. நல்லது. ஆனால் அதே செயலுக்குத் தண்டிக்கப்படுபவன் எப்போது வெளியே வருவான் என்று அவன் தாய்க்குத் தெரிந்திருக்கிறது. தண்டிக்கப்படாதவனின் தாய்க்குத் தெரியாது. இதை நீங்கள் என்னவென்று அழைப்பீர்கள்?"

உறுப்பினர் கொஞ்சம் யோசித்தார். "மிக முக்கியமான கேள்வி" என்றார். "முதலில் ஒன்று சொல்லவேண்டும், நீங்கள் மிக அழகாக டெனிஷ் பேசுகிறீர்கள்."

"நான் ஐந்து வயதிலிருந்து இங்கே இருக்கிறேன். பதிலைச் சொல்லுங்கள்."

குழுவின் பரிந்துரைகள் வரும்வரை தான் முந்திக்கொள்ள விரும்பவில்லை என்றார் அவர். அவள் கேக்கைத் தொடாமலே வெளியே வந்து, காருக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, தமிழில் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் ஒருமுறை சொன்னாள். அவை ஆகக் குறைவாகத்தான் இருந்தன. மீதியை டெனிஷில் சொன்னாள்.

விசாரணை நாளில் மேரிகிறேஸ் கோயிலுக்கு உடுக்கும் சேலையோடு வந்திருந்தாள். மகனின் கழுத்துப்பட்டியை அவள்தான் சரிசெய்துவிட்டாள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கூடக் கதைக்காதை" என்றாள் சுஜாந்தினி.

"பொய் சொல்லவோ?"

"பொய் சொல்லச் சொல்லேல்லை. கூடக் கதைக்க வேண்டாம் எண்டுதான் சொல்லுறன்."

அரச வழக்கறிஞர் மருத்துவமனை அறிக்கையை வாசித்தார். நல்ல நிலை, தீர்ப்பினால் நல்ல நிலை, அண்மையில் பாதிக்கப்பட்டவரை அணுகியது, எரிச்சல். பிறகு பிர்தேயைக் கூப்பிட்டார்கள்.

"அவர் என்னை அணுகவில்லை" என்றாள் பிர்தே. "நாங்கள் ஒரே வரிசையில் நின்றோம். பேசலாமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லியிருந்தால் போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்."

"அவர் இனி ஆபத்தில்லாதவர் என்று நினைக்கிறீர்களா?" என்று அரச வழக்கறிஞர் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது. நான் வைத்தியர் இல்லை. கீழே விழுந்த அன்று பயந்தேன். கோப்பி குடித்த அன்று பயப்படவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்."

நீதிபதி றொனிஷன் பக்கம் திரும்பினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்திருந்த, அமைதியான பெண். "இந்தத் தீர்ப்பை முடித்துவைத்தால், நீங்கள் தொடர்ந்து மருந்து எடுப்பீர்களா?"

"ஆம்" என்றான் றொனிஷன்.

சுஜாந்தினி மூச்சை விட்டாள்.

"ஆனால் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேட்பேன்" என்று அவன் தொடர்ந்தான். "காலையில் எழும்ப முடிவதில்லை. இவ்வளவு காலமும் கேட்கவில்லை. கேட்டால் நோயைப் பற்றிய உணர்வு இல்லை என்று எழுதிவிடுவார்கள்."

வழக்கறிஞர் கண்ணை மூடிக்கொண்டார். சுஜாந்தினிக்கு அவனை அங்கேயே பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. அரச வழக்கறிஞர் எதையோ குறித்துக்கொண்டார்.

"மறுபடி நோய் வந்தால் எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?" என்றார் நீதிபதி.

"முதலில் நித்திரை போகும். பிறகு மற்றவர்கள் பேசுவதெல்லாம் எனக்காகப் பேசுவது போலிருக்கும். நித்திரை போகும்போதே நான் உதவி கேட்கவேண்டும். அடுத்ததுவரை காத்திருக்கக்கூடாது." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னான்: "அன்று என்னைத் தண்டித்திருக்கலாம் என்று சில நேரம் நினைப்பேன். நான் செய்ததுதானே. அதை அவரிடம் நான் சொல்ல ஏழு வருடம் சென்றது."

நீதிபதி மத்தியானம்வரை ஒத்திவைத்தார். நடைபாதை வாங்கில் மூவரும் இருந்தார்கள். மேரிகிறேஸ் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். எதற்காக மன்றாடுகிறாள் என்று சுஜாந்தினி கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

திரும்பக் கூப்பிட்டபோது நீதிபதி சுருக்கமாகவே சொன்னார். ஏழு வருடத்தில் வேறு குற்றம் எதுவும் இல்லை, சிகிச்சையால் நன்மை இருக்கிறது என்பது மட்டும் ஒருவரைத் தீர்ப்பின் கீழ் தொடர்ந்து வைத்திருக்கப் போதுமான காரணம் அல்ல, தீர்ப்பு முடித்துவைக்கப்படுகிறது. அரச வழக்கறிஞர் மேன்முறையீடு செய்யவில்லை.

வாசலில் பிர்தே கைகொடுத்துவிட்டுப் போனாள். றொனிஷன் எதையும் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பசிக்கிறது என்றான். தாய்தான் காருக்குள் ஏறியபின் அழுதாள்.

"சந்தோசப்படுங்கோ, அம்மா" என்றாள் சுஜாந்தினி.

"சந்தோசந்தான்" என்றாள் அவள் மூக்கைச் சிந்தியபடி. "இனி ஆருக்கு ரெலிபோன் அடிக்கிறது எண்டு சொல்லு, அது போதும்."

அந்தக் கேள்விக்குப் பதில் இலையுதிர் காலத்தில்தான் தேவைப்பட்டது. மருந்தைக் குடும்ப வைத்தியரோடு பேசிக் கொஞ்சம் குறைத்திருந்தான். கோடை முழுதும் நன்றாக இருந்தான். கடையில் கூடுதல் நேரம் வேலை செய்தான். ஒக்தோபரில் ஒரு சனிக்கிழமை அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, ரெண்டு நாளா நித்திரை இல்லை. நான் ஆஸ்பத்திரியிலை போய்ப் படுக்கப்போறன்."

அவனாகக் கேட்டான். ஒருவரும் பிடித்துத் தள்ளவில்லை. சுஜாந்தினிக்குப் பயத்தோடு பெருமையும் வந்தது. அவன் எத்தனையோ தடவை கட்டாயத்தில் கிடந்த அதே பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அவருக்கு இப்போது தீர்ப்பு இல்லையே" என்றது அங்கிருந்த குரல். "நாங்கள் தீர்ப்பு உள்ளவர்களைத்தான் எடுக்கிறோம். அவசரப் பிரிவுக்கு வரச்சொல்லுங்கள்."

தாயும் கூடவே வந்தாள். அவசரப் பிரிவில் இளம் வைத்தியர் ஒருத்தி றொனிஷனோடு பேசிப் பார்த்தாள். அவன் தெளிவாகவே பதில் சொன்னான். நித்திரையில்லை, இன்னும் குரல்கள் இல்லை, வருமென்று தெரியும்.

"நீங்கள் இப்போதைக்கு நன்றாகத்தான் இருக்கிறீர்கள்" என்றாள் வைத்தியர் சிநேகமாக. "நோய் பற்றி நல்ல உணர்வு இருக்கிறது. கட்டில்கள் மிகக் குறைவு. வீட்டுக்குப் போங்கள், மோசமானால் வாருங்கள்."

சுஜாந்தினி எழும்பிவிட்டாள். "மோசமானால் என்றால் என்ன? ஆரையாவது தள்ளிவிழுத்தினால் கட்டில் கிடைக்குமா? நன்றாக இருக்கிறான் என்று ஏழு வருடம் உங்கள் பிடியிலிருந்து வெளியே விடவில்லை. இப்போது நன்றாக இருக்கிறான் என்று உள்ளே விடுகிறீர்களில்லை! எந்த நிலையில் இருந்தால் இவன் உங்களுக்குச் சரி? அதைச் சொல்லுங்கள், அந்த நிலையில் கொண்டுவருகிறேன்!"

காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேரிகிறேஸ் வாயைத் திறக்கவில்லை. நான் அப்பவே சொன்னேன் என்று தாய் சொல்லியிருந்தால் கூடச் சுஜாந்தினிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அக்கா, இரு" என்றான் றொனிஷன். பிறகு வைத்தியரைப் பார்த்து டெனிஷில் சொன்னான்: "நான் வீட்டுக்குப் போகவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. இந்தக் கதிரையில் இருக்கிறேன். கட்டில் வந்தால் சொல்லுங்கள்."

போய் யன்னலோரக் கதிரையில் இருந்துகொண்டான். காவலாளி வந்து பார்த்துவிட்டுப் போனான். வைத்தியர் உள்ளே போனாள், வெளியே வந்தாள், யாருக்கோ தொலைபேசி எடுத்தாள். பின்னேரமளவில் வேறொரு நகரத்தில் ஒரு கட்டில் இருப்பதாக வந்து சொன்னாள். முகத்தில் வெட்கம் தெரிந்தது. சுஜாந்தினி நன்றி சொல்ல நினைத்தாள். பதிலாகத் தம்பியின் பையைத் தூக்கிக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில் மேரிகிறேஸ் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். "நீ கத்தினது நல்லதுதான்" என்றாள் கடைசியில். "தவமணி கத்தேல்லை. அவளுக்கு டெனிஷ் வராது."

அடுத்த சந்தியைத் தாண்டியதும் சுஜாந்தினிக்கு அழுகை வந்தது. வண்டியை ஓரங்கட்டாமலே அழுதாள்.

றொனிஷன் அங்கே இரண்டு கிழமைக்குக் கிட்ட இருந்தான். நித்திரை திரும்பியது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தாயும் மகளும் மீன்குழம்போடு சாப்பிட உட்கார்ந்த நேரம் கதவு மணி அடித்தது. திறந்தால் பையும் கையுமாக அவன் நிற்கிறான்.

மேரிகிறேஸ் வாசலில் நின்று திட்டத் தொடங்கினாள். "ஆரைக் கேட்டு வந்தனி? விட்டவையே? ஏன் ஒரு ரெலிபோன் அடிக்கேல்லை? அக்கா வந்து ஏத்தியிருப்பாள்தானே!"

"காலமை டொக்டரோடை கதைச்சன். போகலாம் எண்டு நினைச்சால் போங்கோ எண்டார். ரயிலிலை வந்தன்" என்றான் அவன் சப்பாத்தைக் கழற்றியபடி. "ஆரைக் கேக்கோணும்?"

"சமைக்கிறவளைக் கேக்கோணும். ரெண்டு பேருக்குத்தான் சோறு போட்டனான்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே குசினிக்குப் போய் மறுபடி அரிசி களைந்தாள். றொனிஷன் அதுவரை பொறுக்காமல் அக்காவின் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த மீன் துண்டை எடுத்தான். சுஜாந்தினி அவன் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.